இரண்டு கதவுகள்

வால்வுகளைத் திறந்து மூடும் பழைய கேம்ஷாஃப்டை மெக்கானிக் இருதயம் கழற்றி, காயலான் கடைக்குப் போகும் தட்டில் போட்டார். அதன் மேலிருந்த எண்ணெய் வடியத் தொடங்கியது. எண்ணெய் போனால் துரு, துருவுக்குப் பின் உருக்கும் உலை. பழையது ஒவ்வொரு சொட்டாக எண்ணியது.

"பெரிசு, நீ வால்வை ஒருக்களிச்சுத்தான் திறப்பியாமே?" என்றபடி எஞ்சினில் ஏறியது, பந்தயத்துக்கென்று செய்த புது கேம்ஷாஃப்ட். "நான் காத்து வர்ற உள்கதவு, புகை போற வெளிக்கதவு ரெண்டையும் ஒண்ணா விரியத் திறப்பேன். காத்து பறக்கும் பாரு!"

எஞ்சின் ஓடியதும் டர்போ கத்தியது.

"அடேய், நான் உசிரைக் கொடுத்துக் காத்தை உள்ளே ஊதுறேன். நீ வெளிக்கதவையும் திறந்துபோட்டா அது எங்கடா தங்கும்? பெரிசையே கூப்பிடுங்கப்பா. அது ஒண்ணைச் சாத்திட்டுத்தான் இன்னொண்ணைத் திறக்கும்."

எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது. இருதயம் தலையைச் சொறிந்தார். பிறகு புதுசைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

பழையதற்குப் போன உயிர் திரும்பியது.

"இங்கே சீக்கிரம் துருப்பிடிக்குமா?" என்று புதுசு மெல்லக் கேட்டது.

மறுபடி எஞ்சினில் மாட்ட இருதயம் தன்னைத் தூக்கும்போது பழையது லேசாகச் சாய்ந்து, தன்னிடம் மிஞ்சியிருந்த எண்ணெயைப் புதுசின் மேல் சொட்டவிட்டது.