விற்பனைக்கு ஒரு மொறிஸ் மைனர்

“பொனற்றை மூடிராதீங்க அண்ணன், நான் இன்னும் பார்த்து முடியல்ல!”

இன்ஜினுக்குள் தலையை விட்டபடியே கத்தினார் பற்றிக். கோயிலுக்குப் போகிற வழியில், ஞாயிறு பத்திரிகையில் ‘மொறிஸ் மைனர் விற்பனைக்கு’ என்ற விளம்பரத்தைக் கண்டவர், பூசையை விட்டுவிட்டு மாங்கேணியிலிருந்து வந்தாறுமூலைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்திருந்தார். ஆண்டவர் மன்னிப்பார், கார் காத்திருக்காது என்பது அவர் கணக்கு. இருபது வருடமாக இப்படியொன்றைத் தேடி அலைகிற மனிதர். இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று மனம் அடித்துக்கொண்டது.

கார்ச் சொந்தக்காரர் கனகசிங்கம் பக்கத்தில் வலு பவ்வியமாக நின்றார்.

“இதிட சரித்திரம் தெரியுமா அண்ணன்?” என்று கேட்டார் பற்றிக்.

“எனக்கென்ன தெரியும் தம்பி, நீங்க சொல்லுங்க.”

“நாப்பத்தெட்டாம் ஆண்டு இங்கிலாந்தில வெளிய வந்தது. முதல் செஞ்ச கார் ஒடுக்கமா இரிக்கெண்டு, செஞ்சவன் அதை நடுவால அறுத்து, நாலு இஞ்ச் விலத்தி வெச்சுப் பார்த்தானாம். மறுகாதான் இந்த வடிவு வந்தது! முன் கண்ணாடி ரெண்டு துண்டா இரிக்கி பாருங்க. அம்பத்தாறுக்குப் புறகு வந்ததில இது இல்ல.”

“அடேயப்பா!” என்று வாயைப் பிளந்தார் கனகசிங்கம். “ஆனா தம்பி, மூணு மாசமா ஸ்டார்ட் ஆகுதில்ல. ஓடாத வண்டியை வித்து உங்கட சாபத்தை வாங்க எனக்கு விருப்பமில்ல. நீங்க வேற நல்லதாப் பாருங்களன்.”

பற்றிக் சட்டெனத் திரும்பினார்.

“ஓடப் பண்ணினாத் தருவீங்களா?”

“முதல்ல ஓடட்டும், மறுகா கதைப்பம்.”

பற்றிக் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார்.

“இதிட பெற்றோல் பம்ப் கறண்டில வேலை செய்யிறது. ‘டிக் டிக்’ எண்டு சத்தம் வரோணும், வரல்ல. இப்பத்தப் பொடியன்மாருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? கம்பியூட்டரைக் குத்தினாத்தான் வண்டி பார்ப்பாங்க!”

கனகசிங்கத்தின் மனைவி அஜந்தா இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பற்றிக் பம்பைக் கழற்றி, உள்ளே கருகியிருந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கி, திரும்பப் பூட்டிச் சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக். கார் ஒருமுறை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. சந்தோசத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அட்வான்ஸ் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள்ள வாறன் அண்ணன். ஒருத்தருக்கும் குடுத்திராதீங்க!”

“சத்தியமா ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன் தம்பி,” என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார் கனகசிங்கம்.

மோட்டார் சைக்கிள் மறைந்ததும் மனைவியிடம் திரும்பினார்.

“அவர் வந்தா, வெளிநாட்டில இரிக்கிற மகன் விக்கவேணாமெண்டு அழுறானெண்டு சொல்லு புள்ள. போன விளம்பரத்துக்கு வந்தவர் பிறேக்கைச் சரியாக்கினார், இவர் பம்பைச் சரியாக்கிட்டார். அடுத்த ஞாயிறும் விளம்பரத்தைப் போடுவம், இனி வைப்பர் மட்டுந்தான் மிச்சம்!”