சொட்டுத் தண்ணீர் நிற்காத இடம்

"என்னம்மா ஆபீஸ் நடத்துறீங்க? கார் முழுகிடுச்சு, லிஃப்ட் நின்னுபோச்சு, மாடியை விட்டு இறங்க முடியல!" போனில் ஆள் எகிறிக் குதித்தார்.

நகரத் திட்ட அதிகாரிக்குக் காது எரிந்தது. காலையிலிருந்து இவரோடு இதே பாட்டு.

"அனுமதி கொடுக்கும்போதே தலைபாடா அடிச்சுக்கிட்டோமே சார், கட்டடத்தோட வடிகாலும் கட்டித் தரணும்னு!"

"பழங்கதையை விடுங்க. இத்தனை குடும்பம் தவிக்குது. தண்ணியை இப்ப யாரு இறைக்கிறது?"

"உங்க வக்கீலைக் கூப்பிடுங்க."

"வக்கீலா? அவரு எதுக்கு?"

"அங்கே சொட்டுத் தண்ணி நிக்காது, வடிகால் கேட்கிறதே அநியாயம்னு உங்களுக்காக வாதாடி ஜெயிச்சவரு அவருதானே!"

மேல்தளம் முழுவதையும் தனக்கென்று வைத்துக்கொண்டு குடியிருந்த பில்டர் போனை வைத்தார்.