ஒரே ஒரு தலைக்கவசம்

செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை, லாரிகளுக்கு நடுவே, வண்டியின் பின்னால் வெறுந்தலையுடன் அமர்ந்து செல்வதற்குச் சரிதா நாள்தோறும் அஞ்சினாள். வீட்டில் இருந்த ஒரே தலைக்கவசத்தைக் கணவன் தனசேகர்தான் அணிவான்.

“எனக்கும் ஒண்ணு வாங்குங்க. லாரி உரசிக்கினு போறப்போ உயிரே போவுது,” என்பாள்.

“சம்பாதிக்கிற தலை பத்திரமா இருந்தாதான் வூடு நிக்கும். உன் ஜெராக்ஸ் கடை சம்பளம் பாலுக்கே பத்தல,” என்று அவன் சிரிப்பான்.

இன்று காலை அவனே தலைக்கவசத்தை அவளுக்கு மாட்டி, பட்டையையும் இறுக்கினான். மணமாகிப் பத்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் நிகழாத செயல் அது. சரிதாவின் அச்சம் இருமடங்காயிற்று.

“இன்னாங்க இது புதுசா?”

“போட்டுக்கோ.”

“எதையோ மறைக்கிறீங்க. சொல்லிடுங்க.”

தனசேகர் தரையை நோக்கியவாறு கூறினான்.

“சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனில போன வாரமே என்னை நிறுத்திட்டாங்க. இனிமே நம்ம வூட்ல சம்பாதிக்கிற தலை உன்னுதுதான்.”

அவள் பின்னால் ஏறி அமர்ந்தாள். வண்டி நெடுஞ்சாலையை அடைந்தது. முதல் லாரி உரசுவதுபோல் நெருங்கியபோது, சரிதா தன் இரு கைகளாலும் அவனுடைய வெறுந்தலையைப் பொத்திக்கொண்டாள்.