உள்ளறையிலிருந்து வந்த பதில்

அல்மாட்டியில் வங்கியொன்றின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இருந்த தொக்ஜான், வேலைக்கான தகுதித் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். மறுபடி தோற்றால் வேலை போய்விடும். தினமும் அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். கணவன் எர்போல் வெளியே சமைத்தபடியே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பான்; அவள் உள்ளேயிருந்தே பதில் சொல்வாள்.

தேர்வுக்கு முந்தைய மாலை ரொட்டி வாங்கிக்கொண்டு, பனி ஒட்டிய காலணியோடு அவள் வீட்டுக்குள் வந்தாள். எர்போல் மூடியிருந்த அறைக்கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கலக்குற! ஒண்ணுகூடத் தப்பில்ல. போன தடவை மட்டும் எப்படிடி கோட்டை விட்ட?"

"யார்கிட்ட பேசுற?" என்றாள் தொக்ஜான்.

திரும்பியவனின் முகம் வெளிறியது.

உள்ளேயிருந்து அவளுடைய குரலே வந்தது: "ஏன் நிறுத்திட்ட? அடுத்ததைக் கேளு."

தொக்ஜான் அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். இன்றுவரை தனக்குப் பதில் தெரியாத கேள்வியைத் தேடியெடுத்து, கதவருகே போய்ச் சத்தமாகப் படித்தாள்.