விரிசல் காணாத பந்து

"பளபளப்பு" என்று நண்பர்கள் அழைக்கும் அவர், ஒவ்வொரு முறை உருட்டிய பின்பும் கட்டைகளை உருட்டி வீழ்த்தும் தம் பௌலிங் பந்தை, தளத்து எண்ணெய் போகத் துடைப்பவர்; மனைவியைக்கூடத் தொடவிடார்.

"மாசம் ஒரு புதுப் பந்து வருது, பாருங்க சார்," என்றார் பந்துக் கடைக்காரர்.

"பன்னிரண்டு வருஷமா இதான். விரிசல் உண்டா? பராமரிப்புய்யா!"

கடைக்காரர் சிரித்தார். "இதுக்கு நான் விரல் துளை போட்டே மூணு வருஷம்தானே ஆகுது? பழசு தன் கை தவறி விழுந்து பிளந்துடுச்சுன்னு உங்க வீட்டம்மா அழுதுகிட்டே வந்தாங்க. இந்த ரகம் நின்னுபோச்சுன்னேன். விடாம ஊரூரா அலைஞ்சு கொண்டுவந்தாங்க. சொல்லலையா?"

வீட்டில் மனைவி கேட்டாள்: "புதுசு வாங்கலையா?"

"எதுக்கு? இதுக்கு ஆயுசு கெட்டி."

"எல்லாம் உங்க கவனிப்பு!" என்றாள், முகம் பாராமல்.

அவர் பந்தை முதன்முறையாக அவள் கையில் கொடுத்தார். உடைந்த பந்தின் பேச்சை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.