அளவெடுத்த கோட்டு

மிசிசிப்பிப் பள்ளிக்கூட அரங்கின் மேசையில் இரண்டு கல்லூரிகளின் தொப்பிகள் இருக்கின்றன. ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. ஜமார்கஸ் எதைத் தலையில் வைக்கிறானோ அந்தக் கல்லூரிக்கு இனி ஃபுட்பால் ஆடுவான். அவன் அம்மா வெர்னெல் நீல கவுனில் உட்கார்ந்திருக்கிறாள். நீலக் கல்லூரிப் பயிற்சியாளர் ஹாலிஸ் அவள் வீட்டில் கெளுத்தி மீன் வறுவல் தின்றவர். மகன் அவருக்கு வாக்குக் கொடுத்ததற்கு அவளுடைய வாணலியே சாட்சி. குழல்விளக்குகள் ரீங்கரிக்கின்றன. பையனின் கை நீலத் தொப்பியின் மேல் கொஞ்சம் நிற்கிறது, பிறகு ஆரஞ்சை எடுக்கிறது. கைதட்டலில் தகரக் கூரை அதிர்கிறது. ஆரஞ்சுக் கல்லூரிக்கு வேண்டியவர், பணம் கொடுத்து அவனைத் தன் விளம்பரங்களில் நிறுத்தப்போகும் கார் வியாபாரி, ஓர் ஆரஞ்சு கோட்டோடு வருகிறார்.

"படம் எடுக்கணும்மா, இதைப் போட்டுக்கங்க."

அவள் மகனைப் பார்க்கிறாள். "ஹாலிஸ்கிட்ட சொன்னியாடா?"

"அதெல்லாம் அவங்க பேசிக்குவாங்கம்மா. நீ சிரி."

கைகளை நுழைக்கிறாள். தோளில் பிடிக்கவில்லை, கை தொங்கவில்லை, அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. நெஞ்சில் வெள்ளை நூலில் அவள் பெயர்கூடப் பின்னியிருக்கிறது. கேமராக்கள் மின்னுகின்றன. கோட்டுக்குக் கீழே நீல கவுனின் மடிப்பு கலையாமல் தெரிகிறது. நேற்று அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவன் ஜமார்கஸ்தான்.