ஆறு மணிச் செய்தி

காட்டை அளக்கப் போன கணவர் இருபது நாளாகத் திரும்பவில்லை. ஆனால் டவர் தேவைப்படாத, பாறையில் விழுந்தாலும் உடையாத அவருடைய கைக்கணினியிலிருந்து தினமும் ஆறு மணிக்கு மனைவியின் கருவிக்கு, "சாப்பிட்டேண்" என்று அவருடைய வழக்கமான எழுத்துப் பிழையோடு செய்தி வந்துவிடும்.

"அண்ணே, நேத்து வரலையே!" என்று, அந்தக் கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் ஓடிவந்தாள்.

அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லாத மெக்கானிக், இழுப்பறையிலிருந்து ஒரு கைக்கணினியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் கணவருடையது.

"மன்னிச்சிடும்மா. அவர்கூடப் போனவங்க தேடினப்போ மூணாம் நாளே ஆத்தங்கரையில இது மட்டும்தான் கிடைச்சுது, எங்கிட்ட கொடுத்தாங்க. உங்கிட்ட சொல்ல வாய் வரலை. அதுக்கப்புறம் நான்தான் தினமும் அனுப்பினேன், அவர் மாதிரியே எழுத்துப் பிழையோட. மனசு கேக்காம நேத்து பேட்டரியைக் கழட்டிட்டேன்."

மணி ஆறு. அவள் கையிலிருந்த கருவி கூவியது. அனுப்பிய எண், மேஜைமேல் செத்துக் கிடந்த கருவியின் எண்தான்.

"மெக்கானிக்குக்கு நன்றி சொல்லு. இனி நானே எழுதிக்கறேண்."